பொறுமை எதற்கு?

காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் பேணுகிறோம். நாற்பது கழிந்தபின் இருமும்போதும் சுஜூதிலிருந்து எழும்போதும் சிலருக்குச் சிறுநீர் கசிகிறது. வுழூ முறிந்ததோ என்று தவிப்பவளுக்கு உம்மா சொல்வார்: “புள்ள பெத்தா அப்படித்தான் மகள், பொறுத்துக்க.”

பிரசவம் இடுப்படித் தசைகளைத் தளர்த்திவிடுகிறது. அவற்றை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அமெரிக்க மருத்துவர் ஆர்னல்ட் கெகல் 1948இல் எழுதினார். இன்று இதற்கான முதற் சிகிச்சையே அதுதான்: தடவைக்கு 8 முறை, நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். பலருக்கு இதுவே போதும்.

நாரிவலி என்று வருபவள் வெட்கத்தால் இதைச் சொல்லமாட்டாள். இயன்மருத்துவரும் வெட்கப்பட்டுக் கேட்காவிட்டால், அவர் கற்ற அறிவு யாருக்கு? பொறுமை தீராத துன்பத்துக்குரியது. தீரக்கூடியதைப் பொறுக்கச் சொல்லும்போது, நம் அலட்சியத்தையே அவள்மீது சுமத்துகிறோம்.