அதிபத்தர் விட்ட மீனும் நாம் விடும் மீனும்



போன மாதம் திருமுறை வகுப்பு முடிந்து எல்லாரும் பிரசாதம் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தம்பி என் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணே, புரட்டாசியில ரொம்பின் போகலாம்னு இருக்கோம். நாலு பேரு. படகுக்கு முன்பணம் கட்டியாச்சு. மீனைச் சாப்பிடப் போறதில்ல. புடிச்சி, போட்டோ எடுத்துட்டு, திரும்பத் தண்ணியிலேயே விட்டுடுவோம். அப்போ விரதத்துக்குப் பங்கம் இல்லைதானே?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தம்பிக்கு முகம் சிவந்துபோனது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. விரதத்தைப் பற்றி யோசிக்காதவனுக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது. "யோசிச்சுச் சொல்றேன்பா" என்று அனுப்பிவிட்டேன். இப்போது ஆவணி ஆயில்யம் வருகிறது. அதிபத்த நாயனாரின் குருபூசை நாள். அவரும் மீனைப் பிடித்துத் திரும்பக் கடலில் விட்டவர்தான். அதனால் அந்தத் தம்பிக்கான பதிலை அவரை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

ரொம்பின் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பஹாங் மாநிலத்தின் தெற்கில், தியோமான் தீவைப் பார்த்தபடி இருக்கும் ஊர் கோலா ரொம்பின். ஆற்று முகத்துவாரத்தில் இருந்து விடியற்காலையில் படகுகள் கிளம்பும். அவை தேடிப் போவது மலாய்க்காரர்கள் 'ஈக்கான் லாயாரான்' என்று சொல்லும் மீனை. முதுகில் பாய்மரம் விரித்தது போல் பெரிய துடுப்பு, வாய்க்கு முன்னால் ஈட்டி போல் நீண்ட மூக்கு. தமிழ்நாட்டுக் கடற்கரையில் இதற்குப் பெயர் மயில்மீன். அந்தத் துடுப்பு விரிவதை ஒருமுறை பார்த்தவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சில சமயம் சின்ன கறுப்பு மார்லினும் மாட்டும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை படகுகள் ஓய்ந்துவிடும். தைப்பூசத்துக்கு நாம் விரதம் இருக்கும்போது கடலும் விரதம் இருக்கும் என்று வேடிக்கையாகச் சொல்வேன். சிக்கல் புரட்டாசியில்தான். அப்போது அங்கே நல்ல சீசன்!

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நானும் போயிருக்கிறேன். வருடங்கள் ஆகிவிட்டன. வேலையிடத்து நண்பர்கள் மூன்று பேரோடு ஒரு படகை வாடகைக்கு எடுத்தோம். தெக்கோங் வயதான மலாய்க்காரர், அதிகம் பேசமாட்டார். முதலில் உஞ்சாம் பக்கம் நிறுத்தினார். தென்னங்கீற்றைக் கட்டிக் கடலில் இறக்கி வைத்திருப்பார்கள், அதன் நிழலில் சின்ன மீன்கள் கூடும். அங்கே உயிர் இரை பிடித்துக்கொண்டு வெளியே போனோம். பறவைகள் எங்கே தாழ்ந்து பறக்கின்றன என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பறவைக்குக் கீழே சின்ன மீன் கூட்டம், அதற்குக் கீழே மயில்மீன்.

மாட்டியது. நூல் கதறிக்கொண்டு ஓடியது. தூரத்தில் மீன் தண்ணீரைக் கிழித்து எழும்பி வால் நுனியில் நின்று ஆடியது. உடம்பு முழுக்க நீலக் கோடுகள், உள்ளே விளக்கு ஏற்றியது போல. பொய் சொல்ல மாட்டேன் தோழர்களே, அந்த நிமிடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதைப் படைத்தவனை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். என் கையிலோ தூண்டில் இருந்தது.

அரை மணி நேரம் இழுத்தேன். படகுப் பக்கம் வந்தபோது அந்த நீலம் இல்லை. மங்கிப்போய், செம்புப் பாத்திரம் கறுத்தது போல் இருந்தது. தெக்கோங் கையுறை போட்டு அதன் மூக்கைப் பிடித்துத் தண்ணீரிலேயே வைத்திருந்தார். நாங்கள்தான் கேட்கவில்லை. தூக்கி மேலே போடச் சொன்னோம். நாலு பேர் மடியிலும் படுக்க வைத்துச் சேர்ந்து ஒரு படம், பிறகு ஒவ்வொருவராக ஒரு படம், ஒருவனின் கைப்பேசியில் சரியாக விழவில்லை என்று மறுபடி ஒன்று. முடிந்ததும் "போய் வா ராஜா" என்று சொல்லித் தண்ணீரில் விட்டோம். கைகூடத் தட்டினோம்.

மீன் நீந்தவில்லை. வெள்ளை வயிறு மேலே தெரிந்தது. மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுழன்று கீழே போனது. தெக்கோங் கையுறையைக் கழுவிக்கொண்டே "லாமா சாங்ஙாட்" என்று மட்டும் சொன்னார். ரொம்ப நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். இந்த மீன் நின்ற இடத்தில் நின்று மூச்சு விடாது. வாயைத் திறந்துகொண்டு நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் ஓடும், மூச்சு வரும். அரை மணி நேரம் உயிரைக் கொடுத்துப் போராடி மூச்சு வாங்கும் நேரத்தில் நாங்கள் அதைக் காற்றில் தூக்கி வைத்து சிரித்துக்கொண்டிருந்தோம். நூறு மீட்டர் ஓட்டம் ஓடி முடித்தவனின் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கி "கொஞ்சம் சிரிப்பா" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

இனி அதிபத்தருக்கு வருவோம்.

நாகப்பட்டினம். நம்மில் பலருடைய தாத்தா பாட்டி ரஜூலா கப்பல் ஏறிய அதே துறைமுகம். அங்கே நுளைப்பாடி என்ற மீனவர் குப்பத்தில் பரதவர் தலைவராக இருந்தார் அதிபத்தர். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் அவர் வரலாற்றைப் பாடி வைத்தார். தினமும் வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவபெருமானுக்கு என்று கடலில் விட்டுவிடுவது அவர் வழக்கம். மீதியை விற்பார், உற்றார் சாப்பிடுவார்கள். மீன் பிடிப்பது பாவம், தொழிலை விட்டுவிட்டு வா என்று சைவம் அவரிடம் சொல்லவில்லை. வலையும் கையுமாகவே அவரை 63 பேரில் ஒருவராக உட்கார வைத்தது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீன்பிடித் தொழில் செய்கிறவர்களை மேலிருந்து கீழே பார்க்க நமக்கு எந்த அருகதையும் இல்லை.

பிறகு மீன் குறைந்தது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு மீன்தான் விழும் என்ற நிலை. அந்த ஒன்றையும் விட்டுவிட்டார். வீட்டில் பசி. சுற்றம் வாடியது. அடுத்த நாளும் ஒன்று, அதையும் விட்டார். இப்படியே நாட்கள் போயின. கடைசியில் ஒரு நாள் பொன்னும் நவமணியுமாக ஒரு மீன் வலையில் வந்தது. கூட இருந்தவர்கள் கூவினார்கள். உலகத்தையே விலைக்கு வாங்கலாம் போன்ற மீன். அன்றைக்கு விழுந்ததும் அது ஒன்றுதான். "இது என் ஐயனுக்கு" என்று அதையும் தண்ணீரில் போட்டார். அப்போது இடப வாகனத்தில் இறைவன் காட்சி கொடுத்தான்.

இந்தக் கதையைச் சின்ன வயதில் இருந்து கேட்டிருக்கிறேன். பொன் மீனைப் பற்றித்தான் எப்போதும் ஆச்சரியப்படுவேன். ரொம்பினில் இருந்து வந்த பிறகு என் கண் போனது அதற்கு முந்தின நாட்களின் மேல். தகதகக்கும் மீனைப் பத்து பேர் பார்க்க விடுவதில் ஒரு பெருமையாவது இருக்கும். பசி வயிற்றோடு, யாரும் பாராட்டாமல், ஒரு சாதாரண மீனை விட்டாரே, அடுத்த நாளும் விட்டாரே, அங்கேதான் அவர் நாயனார் ஆகிவிட்டார் என்று எனக்குப் படுகிறது. அவருக்கு அந்த மீன் வேண்டும். வேண்டியதை விட்டார்.

நான் விட்ட மீன் எனக்கு எதற்கு? முப்பது கிலோ மீனை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்? எனக்கு வேண்டியிருந்தது படம். அதை எடுத்துக்கொண்டு, வேண்டாததைக் கடலில் போட்டுவிட்டு, அதற்குத் தயை என்று பெயர் வைத்துக் கைதட்டினேன்.

தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். பாகவதத்தில் ஒரு அவதூதர் தமக்கு 24 குருமார்கள் என்கிறார். அதில் மீனும் ஒரு குரு. நாக்கின் ருசிக்கு ஆசைப்பட்டு முள்ளில் மாட்டிக்கொள்வதால், நாக்கை அடக்கு என்று அது பாடம் சொல்கிறதாம். புரட்டாசியில் நீ நாக்கை அடக்கிவிட்டாய், நல்லது. கைக்கும் கண்ணுக்கும் விரதம் இல்லையா? நாலு பேரிடம் காட்ட வேண்டும் என்று துடிக்கிறதே மனசு, அதற்கு? அந்த ஒரு மாதத்துக்குள் இந்தப் பயணம் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். சாப்பிடவில்லை என்பது பாதி விரதம்தான்.

அப்படியானால் ரொம்பினுக்கே போகக்கூடாதா? இந்த இடத்தில் நான் உறுதியாகத் தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறேன். நான் போவதில்லை, அது என் மனசு. ஆனால் அந்தத் தெக்கோங்கை நினைத்துப் பார்க்கிறேன். மயில்மீன் உயிரோடு கடலில் இருந்தால்தான் நாளைக்கும் அவருக்கு வாடிக்கையாளர் வருவார். செத்த மீனை ஒருமுறைதான் விற்கலாம். இந்தத் தொழிலால்தான் அங்கே பலருக்கு அந்த மீன் உயிரோடு இருக்க வேண்டும் என்ற அக்கறை வந்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

போவதென்றால் அறிந்து போ. பழைய மாதிரி நீண்ட முள்ளை மீன் விழுங்கிவிடும், வெட்டி இழுத்தால் குடலிலும் செவுளிலும் குத்தும். வட்ட முள் என்று ஒன்று உண்டு, நுனி உள்பக்கம் வளைந்திருக்கும். அதற்கு வெட்டி இழுக்கக் கூடாது, நூலை மெல்ல இறுக்கினால் போதும், வாயோரத்தில் போய் மாட்டும், எடுப்பதும் சுலபம். அந்த முள்தான் போடுவீர்களா என்று தெக்கோங்கிடம் முன்கூட்டியே கேள். அமெரிக்காவின் அட்லாண்டிக் பக்கம் இந்த வகை மீன்களுக்கான போட்டிகளில் இயற்கை இரை போட்டால் வட்ட முள்தான் என்று 2008-இல் இருந்து சட்டமே இருக்கிறது. மெல்லிய நூலில் மணிக்கணக்காக விளையாட்டுக் காட்டாதே. மீன் பக்கத்தில் வந்ததும் தண்ணீரை விட்டுத் தூக்காதே. படகை மெல்ல முன்னால் நகர்த்தி, மூக்கைப் பிடித்தபடி செவுளில் தண்ணீர் ஓடவிட்டால், கொஞ்ச நேரத்தில் அதுவே கையை உதறிக்கொண்டு போகும். முதல் மீன் நன்றாகப் போய்விட்டால், இரண்டாவதுக்குத் தூண்டில் போடாமல் சும்மா உட்கார்ந்து பார்க்க முடிகிறதா என்று பார். வாடகை கொடுத்த காசு மனசை அரிக்கும். அங்கேதான் அதிபத்தர் உனக்குக் கொஞ்சம் புரிவார்.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை அவனிடம் நேரிலேயே சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் போன் வந்தது. பயணத்தை ஐப்பசி பிறந்த பிறகு மாற்றிக்கொண்டார்களாம், படகுக்காரரும் முன்பணத்தைப் பிடிக்கவில்லையாம். வைப்பதற்கு முன்னால் கொஞ்சம் இழுத்தான்.

"அண்ணே, மீன் தண்ணியில இருக்கும்போதே, குனிஞ்சி, ஒரே ஒரு படம்?"

"உன் முகம் அதில் வரணுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"பார்க்கிறேன் அண்ணே" என்றான்.