ஊதச் சொன்ன பிறகு

குமுளி மலைப்பாதை ஏறும் முன் லோயர்கேம்பில் ஜீப்பை ஓரங்கட்டி ஊதச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவி ஆல்கஹால் அளவைக் கூடுதலாகக் காட்டுகிறது. "நான் தண்ணியே போடல சார்" என்கிறார் டிரைவர். இப்படிச் சொல்பவர்களில் ஏறக்குறைய எல்லோரும் குடித்தவர்கள்தான். அதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். உண்மையைச் சொல்லியும் நம்பப்படாத மிச்சம் ஓரிருவரை நாம் என்ன செய்கிறோம் என்பதே என் கவலை.

குடிக்காமலே ரத்தத்தில் ஆல்கஹால் ஏறுமா? ஏறும். கம்பம் பள்ளத்தாக்கில் இதைப் புரியவைக்கப் பாடுபட வேண்டியதில்லை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் கொத்தை ஓரிரு நாள் கழித்து எடுத்து முகர்ந்து பாருங்கள். இனிப்பைத் தாண்டி ஒரு காட்டம் மூக்கில் ஏறும். பொடி ஈக்கள் மொய்க்கும். அதில் யாரும் சாராயம் ஊற்றவில்லை. சர்க்கரையும் ஈஸ்ட்டும் வெதுவெதுப்பும் சேர்ந்தன, அவ்வளவுதான். நம் குடலிலும் இந்த மூன்றும் உண்டு. எல்லோர் வயிற்றிலும் துளியூண்டு ஆல்கஹால் உண்டாகிறது. கல்லீரல் அதைச் சரிக்கட்டிவிடுகிறது. அடுத்தடுத்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர், சர்க்கரை நோயாளி, குடலிலோ கல்லீரலிலோ கோளாறு உள்ளவர் ஆகியோரில் மிக அபூர்வமாக ஒருவருக்கு ஈஸ்ட் கட்டுமீறிப் பெருகிவிடும். பிறகு சோறு தின்றாலே தள்ளாடும். ஆட்டோ புரூவரி சிண்ட்ரோம் என்று மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸில் 61 வயதுக்காரர் ஒருவருக்கு இது வந்தது. மருத்துவமனையில் அவரும் குடிக்கவில்லை என்றுதான் சொன்னார்; ஒளித்துவைத்துக் குடிக்கிறார் என்றே எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் அவரை ஒருநாள் முழுக்க மருத்துவமனையில் வைத்தார்கள். கொண்டுவந்த பொருட்களைச் சோதித்துவிட்டு, மாவுச்சத்து உணவைக் கொடுத்து, மணிக்கணக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 120 மில்லிகிராம் வரை ஏறியது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு வைத்திருக்கும் எல்லை 30. பூஞ்சைக்கான மருந்தும் உணவு மாற்றமும் அவரைத் தேற்றின. 2013இல் அந்த நோய்க்கதை மருத்துவ இதழில் வெளியானது. கனடாவின் டொரண்டோவில் ஒரு பெண் இரண்டே ஆண்டில் ஏழு தடவை அவசரப் பிரிவுக்குப் போன பிறகுதான் நோய் இன்னதென்று தெரிந்தது. 2024 ஏப்ரலில் பெல்ஜியத்தின் புரூஜ் நகர நீதிமன்றம், குடித்து வண்டி ஓட்டியதாகப் பிடிபட்ட ஒருவரை விடுவித்தது. அவர் வேலை பார்த்ததோ பீர் ஆலையில்! மருத்துவர்கள் மூவர் தனித்தனியே சோதித்து உறுதிசெய்திராவிட்டால் அவர் பேச்சை யார் காதில் வாங்கியிருப்பார்கள்?

மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது வேறு ரகம். 2025 ஜூலையில் கேரளத்தின் பந்தளம் அரசுப் பேருந்து டிப்போவில், நன்கு பழுத்த பலாச்சுளை தின்ற ஓட்டுநர்களின் மூச்சில் கருவி ஆல்கஹால் காட்டியது. அங்கேயே சுளை தின்னவைத்து மறுபடி ஊதச் சொன்னதில் குட்டு வெளிப்பட்டது. அது வாயில் தங்கும் வாடை, ரத்தத்தில் ஏறியதல்ல. கால் மணி நேரம் பொறுத்தால் போய்விடும். பலாச்சுளையை எடுத்து மெய்யாகவே சோதித்துப் பார்த்தார்களே, அந்தப் பொறுமையைத்தான் நான் மதிக்கிறேன்.

நம் ஊரில் இதைவிடப் பரவலாக நடக்கும் கொடுமை ஒன்று உண்டு. விடியுமுன் வெறும் வயிற்றோடு சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பும் ஒருவர், பஸ் ஸ்டாண்டில் சுகர் இறங்கிச் சரிகிறார். நாக்கு குழறுகிறது, சட்டை வியர்வையில் நனைகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறது. "காலையிலேயே போட்டுட்டான்யா" என்று சொல்லிவிட்டு விலகிப் போகிறோம். விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும். நினைவு இருக்கும்போதே சர்க்கரை கரைத்துக் கொடுத்தால் சில நிமிடங்களில் எழுந்து உட்காருவார். விட்டுவிட்டால் உயிரே போகலாம். குடிகாரன் என்ற எண்ணம் வந்த உடனே நம் கை அவரைத் தொட மறுக்கிறது. எனக்கு இதை நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

அப்படியானால் சொல்பவரை எல்லாம் நம்பி வண்டியை விட்டுவிடுவதா? கூடவே கூடாது. மலைப்பாதை வளைவுக்கு ஆல்கஹால் கடையிலிருந்து வந்ததா குடலிலிருந்து வந்ததா என்ற பேதம் தெரியாது. ஜீப்புக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் தோட்டத்துப் பெண்களின் உயிர் அந்தக் கையில் இருக்கிறது. வண்டியை நிறுத்தத்தான் வேண்டும், சாவியை வாங்கத்தான் வேண்டும். அதற்குக் கருவியின் எண் போதும். ஆனால் ஒருவர் ஓட்டத் தகுதியாக இருக்கிறாரா என்பது ஒரு கேள்வி, அவர் குற்றவாளியா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த பதிலையே இரண்டாவதற்கும் எழுதிவிடுகிறோம். டெக்சாஸ்காரரின் பையைச் சோதித்தது அவரை நம்பாததால்தான். கடைசியில் அவருக்குச் சாட்சி சொன்னதும் அந்தச் சோதனைதான். முழுதாகச் செய்த சந்தேகம் அவரைக் காப்பாற்றியது. பாதியில் நிறுத்தியிருந்தால் ஆயுசுக்கும் பொய்யர் பட்டம்தான்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 185இல் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், இல்லையேல் விடுவிக்க வேண்டும் என்கிறது 202ஆம் பிரிவு. ஆகவே டிரைவர் அண்ணன்களே, நிஜமாகவே குடிக்காதவராக இருந்தால் சண்டை போடாதீர்கள். வாயைக் கொப்பளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதுகிறேன் என்று கேளுங்கள். ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். சுகர் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சோறு தின்ற பிறகு அடிக்கடி இப்படி ஆகிறதென்றால், க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குடல் மருத்துவம் எங்கே பார்க்கிறார்கள் என்று விசாரித்துப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள்.