சொந்த ஊரில் இரண்டு ரக்அத்

பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம் என்பது நம் வீட்டுச் சிறுவர்களும் அறிந்த சட்டம். தொலைவு 80 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்டதாக இருக்க வேண்டும். வந்த நாளையும் புறப்படும் நாளையும் நீக்கி முழுதாக 4 நாள் ஓரிடத்தில் தங்கும் எண்ணம் இருக்கலாகாது என்பன ஷாபிஈ மத்ஹபின் நிபந்தனைகள். ஹனபிகளுக்கு அந்த நாள் கணக்கு 15. இவ்வளவும் எளிது. ஆனால், சென்னையிலோ பெங்களூரிலோ வீடு கட்டிக் குடியேறிவிட்ட ஒருவர், மனைவி மக்களைக் காரில் ஏற்றிக்கொண்டு, தாம் பிறந்து வளர்ந்த ஊரில் மூன்று நாள் தங்கலாம் என்று வந்து சேர்கிறார். தெருமுனைப் பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொல்லப்படுகிறது. இவர் இப்போது பயணியா, ஊர்க்காரரா?

இந்தக் கேள்வியை நம்மில் பலர் எழுப்புவதேயில்லை. எழுப்பினால் கிடைக்கும் விடை மனத்துக்கு இதமாக இராது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். விடை இதுதான்: நிரந்தரமாகக் குடிபெயர்ந்து வேறோர் ஊரைத் தம் ஊராக ஆக்கிக்கொண்டவர், பிறந்த ஊருக்கு வரும்போது பயணியே. அங்கே அவருக்கு உறவினர் இருக்கலாம், சொத்து இருக்கலாம், பெற்றோரின் கபுரும் இருக்கலாம். அவையெல்லாம் அவரை ஊர்வாசியாக்கிவிடுவதில்லை. (ஓய்வு பெற்றதும் இங்கேயே வந்துவிடுவேன் என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்களின் நிலை என்ன என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அத்தகையோர் நம்மில் மிகப் பலர்.)

சட்டத்தின் இந்த முடிவு வறண்ட ஏட்டுக் கணக்கன்று. இதன் பின்னால் ஒரு பெரும் வரலாறு நிற்கிறது. கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களும் மக்காவை விட்டு மதீனாவுக்குக் குடிபெயர்ந்தனர். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 630இல், வெற்றி வீரர்களாக அதே மக்காவுக்குள் நுழைந்தனர். எந்தத் தெருவில் விளையாடினார்களோ அந்தத் தெரு. எந்த வீட்டின் நிழலில் வளர்ந்தார்களோ அந்த வீடு. எங்கும் உற்றார் உறவினர். எனினும் அவர்கள் அங்கே தங்கிய நாள்களில் தொழுகையைச் சுருக்கியே தொழுதார்கள். பத்தொன்பது நாள் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு. பிறந்த மண்ணில், ஆட்சி கைக்கு வந்த நிலையில், அவர்கள் பயணிகளாக நின்றார்கள்.

இன்னொரு செய்தி இதைவிடவும் நெஞ்சைத் தொடுவது. மக்காவில் தங்களுடைய வீட்டில்தானே தங்குவீர்கள் என்று உஸாமா இப்னு ஸைத் (ரலி) கேட்டபோது, அகீல் நமக்கு வீடு எதையும் விட்டு வைத்திருக்கிறாரா என்ற கருத்தில் நபிகளார் திருப்பிக் கேட்டார்கள். அபூதாலிபின் மகனான அகீல், தம் தந்தையின் சொத்துக்கு வாரிசாகி, வீடுகளை விற்றுவிட்டிருந்தார். ஊரையே கைக்கொண்டவர்கள் அந்த வீடுகளைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கூடாரம் அடித்துத் தங்கினார்கள். ஹஜ்ஜை முடித்த முஹாஜிர்கள் மூன்று நாள் மட்டுமே மக்காவில் தங்கலாம் என்ற அனுமதியையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். விட்டு வந்ததை விட்டு வந்ததாகவே வைத்துக்கொள்ளும் ஒழுக்கம் அது.

அப்படியானால் ஊர்ப்பாசம் கூடாது என்பதா பொருள்? அன்று. மக்காவைப் பிரியும் வேளையில் திரும்பிப் பார்த்து, மண்ணிலெல்லாம் எனக்கு உகந்தது நீதான் என்ற பொருளில் உருகியவர்கள் நபிகளார். மதீனாவின் காய்ச்சலில் படுத்திருந்த பிலால் (ரலி), மக்காப் பள்ளத்தாக்கின் புல்லையும் நீர்ச்சுனையையும் நினைத்து ஏங்கினார்கள். அந்த ஏக்கத்தை யாரும் கண்டிக்கவில்லை. மதீனாவையும் எங்களுக்கு அதுபோல் பிரியமானதாக்கு என்ற பிரார்த்தனையே அதற்கு மறுமொழியாக வந்தது. நேசிப்பதற்கு இடம் உண்டு. நேசித்த காரணத்தால் உரிமை கொண்டாட இடமுண்டா என்பதுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

நாங்கள் அண்மையில் குடும்பத்தோடு சென்னையிலிருந்து காயல்பட்டினத்துக்குக் காரில் போனோம். 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. விழுப்புரம், திருச்சி, மதுரை எல்லாவற்றையும் ஊருக்குள் நுழையாமலே புறவழியில் தாண்டிவிடலாம். எந்த ஊரின் வாசனையும் காருக்குள் வருவதில்லை. தூத்துக்குடியைக் கடந்து, உப்பளங்கள் தென்பட்ட பிறகுதான் பயணம் என்ற உணர்வே பிள்ளைகளுக்கு வந்தது. எங்களோடு வந்த உறவினர் ஒருவர் ஊர் எல்லை தொடங்கியதிலிருந்தே குறை சொல்லத் தொடங்கினார். திண்ணைகளைக் காணோம்; ஓட்டு வீடுகளைக் காணோம்; கடற்கரையில் ஏன் இத்தனை கடைகள்; சுண்ணாம்புச் சுவரை இடித்து இப்படிக் கண்ணாடி பதிக்கலாமா? அவர் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்த பத்து வயது மகன் கேட்டான்: "வாப்பா, அவங்க வீட்டை அவங்க இடிச்சா உங்களுக்கு என்ன?"

காரில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவனுடைய உம்மா, "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்று அடக்கிவிட்டார். பிள்ளை கேட்டது முறையான கேள்வி என்பதே என் எண்ணம். அதற்கு ஒரு விடை இல்லாமலும் இல்லை. ஒரு தெருவின் அழகு அந்தத் தெருவில் வீடு உள்ளவர்களுக்கு மட்டும் உரியதன்று; தலைமுறைகள் சேர்த்த பொதுச் சொத்து. பழைய பள்ளிவாசலின் கல் தூண்களை இடிக்கப் போனால் வெளியூரில் இருப்பவர்களும் குரல் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்கும் அந்த நியாயத்தை நீட்டும்போது நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்தத் திண்ணையையும் முற்றத்தையும் இத்தனை காலம் காத்தவர் யார்?

காயல்பட்டினத்தின் மரபு இதற்குத் தெளிவாகவே விடை சொல்லும். கீழக்கரையிலும் இதே வழக்கம் உண்டு. அங்கே திருமணமானால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மணமகன்தான் பெண் வீட்டுக்குப் போகிறான். மகளுக்கு வீடு கொடுப்பது பெற்றோர் கடமை. (பெண்ணைப் பெற்றவர்களை அது கடனில் ஆழ்த்துகிறது என்ற குறை நியாயமானதே, அதைத் தனியே பேச வேண்டும்.) ஆகவே ஓர் ஆண் பிறந்து வளர்ந்த வீடு, அவனுடைய சகோதரிக்கு உரியதாகிவிடுகிறது. அந்த ஊர் ஆண்மகன், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே, அடுத்த தெருவுக்கு மணமகனாகப் போன அன்றே, பிறந்த வீட்டில் விருந்தாளியாகிவிட்டான். பிறகு அவன் கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும் பிற்காலத்தில் ஹாங்காங்குக்கும் வளைகுடாவுக்கும் வியாபாரத்துக்கும் வேலைக்கும் போனான். ஆண்டுக்கு ஒரு முறை, சில வேளை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்தான். வந்தபோதெல்லாம் வட்டிலப்பமும், சஹனைச் சுற்றி உட்கார்ந்து உண்ட களறிச் சோறும், பெருநாள் கூட்டமும், கடற்காற்றும் அவனுக்குக் கிடைத்தன. அவன் நினைவில் தங்கிய ஊர் அதுதான்.

எஞ்சிய பதினொரு மாதத்து ஊர், பெண்களின் ஊர். அவர்களுக்கென்றே வீடுகளின் பின்புறம் அமைந்த முடுக்குகளின் வழியாக ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வந்து, நோயையும் பிரசவத்தையும் மையித்தையும் பார்த்துக்கொண்டது அவர்கள். ஓடு மாற்ற ஆள் தேடியது, கடிதத்துக்கும் பணத்துக்கும் காத்திருந்தது, வராத மாதத்தில் நகையை அடகு வைத்தது அவர்கள். திறந்த முற்றம் நிலாவெளிச்சத்துக்கு அழகு. அடைமழையில் இரவு ஒரு மணிக்கு எழுந்து அந்த முற்றத்து நீரை வாரி இறைத்தவருக்கு அது வேறு வகையாகத்தான் தோன்றும். எழுத்தில் நாம் படிக்கும் ஊர் நினைவுகள் பெரும்பாலும் போய்விட்ட ஆண்கள் எழுதியவை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இது எல்லோருக்கும் தெரியும்படி வெளிப்பட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாள் கணக்கில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட அது அதிகம். தாமிரபரணியில் வெள்ளம்; சாலைகள் அறுந்தன; மின்சாரம் இல்லை; தொலைபேசி இல்லை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. வெளியூரில் இருந்த நாங்கள் ஊரில் இருந்த ஒவ்வொருவரின் எண்ணையும் மாறி மாறி அழைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் கவலை பொய்யன்று. பின்னர் பணமும் துணியும் அனுப்பியதும் பொய்யன்று. ஆனால் முழங்கால் நீரில் நின்று, கட்டிலின் மேல் அடுப்பை வைத்து, பக்கத்து வீட்டுக் கிழவிக்கும் சேர்த்து உலை வைத்தவர்கள் அங்கே இருந்தவர்கள். அந்த இரண்டு நாளில் ஊர் யாருடையது என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கலீபா உமர் (ரலி) அவர்கள் மக்காவுக்கு வந்து தொழுகை நடத்தியபோது, இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்துவிட்டு, மக்காவாசிகள் தங்கள் தொழுகையை நிறைவு செய்துகொள்ளட்டும், நாங்களோ பயணிகள் என்று அறிவித்தார்கள். அவர்களும் மக்காவில் பிறந்தவர்களே. அந்தப் பள்ளியில் அப்போது நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். இவர்கள் அமர்ந்துவிட்டார்கள், அவர்கள் எழுந்து நின்று மீதி இரண்டையும் தொழுதார்கள். சுருக்கம் வந்து போகிறவருக்கு ஒரு சலுகை. குறை கூறுவதற்கான தகுதியன்று. நிறைவு செய்ய வேண்டியவர் இருப்பவர்.

இதே சட்டத்துக்கு மறுபக்கமும் உண்டு. உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழும் பயணி சுருக்க முடியாது. அவரோடு சேர்ந்து நான்கையும் தொழுதாக வேண்டும். ஷாபிஈயும் ஹனபியும் இதில் ஒன்றுபடுகின்றனர். ஊரில் தமக்கும் பங்கு வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறவர்களுக்கு இதில் ஒரு வழி தெரிகிறது. முன்னால் நின்று இப்படிச் செய்யுங்கள், அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்வதைவிட, ஊரில் இருப்பவர்கள் எடுத்துக்கொண்ட வேலைக்குப் பின்னால் நின்று, அவர்களுடைய அளவுக்கே உழைக்க வேண்டியிருக்கும். அது மூன்று நாள் விடுமுறையில் முடிகிற காரியமன்று. மழைநீர் வடிகாலுக்கு நிதி திரட்டினால், எந்தத் தெருவில் முதலில் தோண்டுவது என்பதை அந்தத் தெருக்காரர்களிடம் விட்டுவிட வேண்டும். பணம் கொடுத்தவர் பெயர் பொறித்த கல்வெட்டு இல்லாமல் கொடுக்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடலோர ஊர்கள் எதிலும் இன்று தெருவுக்குச் சில உண்டு. வாரிசுகள் ஐந்து ஊர்களில் இருப்பார்கள், பாகப்பிரிவினை நடந்திராது, ஒருவர் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர் போட மாட்டார். கேட்டால், வாப்பாவின் நினைவாக வைத்திருக்கிறோம் என்பார்கள். ஆண்டில் ஐந்து நாள் திறக்கும் அந்த வீட்டின் கூரை வழியே இறங்கும் நீர், பொதுச்சுவரில் ஊறி, அண்டை வீட்டாரின் படுக்கையறையில் பூஞ்சையாகப் படர்கிறது. ஊரிலேயே தங்கிவிட்ட ஆசிரியரோ, கடைச் சிப்பந்தியோ, வாடகைக்கு வீடு தேடி அலைகிறார். வெளியூர்ப் பணம் மனை விலையை அவர் கைக்கு எட்டாமல் ஏற்றிவிட்டது. நினைவு நம்முடையது, அதன் செலவை அண்டை வீட்டார் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி அத்தனை மேடைகளில் பேசும் நாம், அந்த ஈரச் சுவரையும் ஒரு முறை தொட்டுப் பார்க்கலாம். விற்க மனமில்லாவிட்டால் வாடகைக்கு விடலாம். அதற்கும் மனமில்லாவிட்டால் கூரையையாவது செப்பனிடலாம்.

நாங்கள் தங்கியது என் லாத்தாவின் வீட்டில். நான் பிறந்த வீடு அது. புறப்படுவதற்கு முந்திய இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, முற்றத்தை மூடித் தளம் போட எண்ணியிருப்பதாக அவர் சொன்னார். "ரெண்டு வருஷமா சொல்லணும்னு இருக்கேன். நீ ஒண்ணும் நினைக்க மாட்டியே?" என்று கேட்டார். என்னிடம் கேட்க வேண்டிய கடமை அவருக்கு எந்தச் சட்டப்படியும் இல்லை. எழுபதை நெருங்கும் வயது, முழங்கால் வலி, வெள்ளத்தின்போது வடக்குச் சுவரில் படிந்த கறை இன்னும் போகவில்லை. கொத்தனாரைப் பேசியாகிவிட்டதா என்று கேட்டேன். பேசிவிட்டதாகவும், ஐப்பசி மழைக்கு முன் வேலையை முடித்துவிடுவதாக அவர் சொல்லியிருப்பதாகவும் கூறினார்.