கொஞ்சம் கொஞ்சமாக, மீண்டும் மீண்டும்



பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். இந்த நாளை உலக நோயாளர் நாளாகத் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1992-ஆம் ஆண்டு ஏற்படுத்தினார். நம் வீடுகளில் படுத்திருக்கும் நோயாளிகளை நினைத்துக்கொண்டே, இன்று ஒரு சின்ன உயிரைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். கோமாளி மீனைத்தான் சொல்கிறேன்.

கடலோரத்துப் பிள்ளைகளான உங்களுக்கு அது புதிதல்ல. நம் மன்னார் வளைகுடாப் பவளப் பார்களிலும் அந்த இனம் உண்டு. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் அதைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். பட்டணத்து வீடுகளில் பவளமும் கடல் சாமந்தியும் வைத்த உப்புநீர்த் தொட்டிகளில் இப்போது பலர் அதை வளர்க்கிறார்கள். கடல் சாமந்தி மற்ற மீன்களைக் கொட்டும். கோமாளி மீனோ அதன் நடுவிலேயே குடியிருக்கும். உடம்பைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்புதான் அதற்குக் காப்பு.

அந்த மீனுக்கு நோய் வந்தால் என்ன ஆகிறது, தெரியுமா? சில நோய்க்கிருமிகள் அந்தத் தோலையும் செவுளையுமே தாக்குகின்றன. மீன் மூச்சு வாங்கும். நிறம் மங்கும். தன் வீடான கடல் சாமந்தியை விட்டு விலகிப்போய், தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒரு மூலையில் தனியாக நிற்கும். இரை போட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது.

பிரியமானவர்களே, நம் வீடுகளிலும் இது நடக்கிறதல்லவா? நோயாளி முதலில் சாப்பாட்டை வேண்டாம் என்கிறார். அப்புறம் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். அதன்பின் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். “அவருக்கு யாரையும் பிடிக்கவில்லை, நம்மையெல்லாம் வெறுத்துவிட்டார்” என்று நாம் சொல்லிவிடுகிறோம். வெறுத்துத்தான் விலகினாரா, அல்லது வலி தாங்காமல் விலகினாரா? நெஞ்சில் கைவைத்துக் கேட்டுப் பாருங்கள்.

இறைவாக்கினர் எலியாவும் ஒருநாள் இப்படி விலகிப் போனார். பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கடவுளிடமே கேட்டார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதரை அனுப்பினார். தூதர் தொட்டு எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அப்போதும் கடவுள் பொறுமை இழக்கவில்லை. தூதர் இரண்டாம் முறையும் வந்து, தொட்டு, உண்ணச் சொன்னார். அந்த இரண்டாம் முறையை நான் அடிக்கடி தியானிப்பதுண்டு. ஒருமுறை தந்தாயிற்று, இனி அவன் பாடு என்று விட்டுவிடுகிறவர் அல்ல நம் கடவுள்.

மீன் வளர்ப்பவர்கள் செய்வதும் இதுதான். நோயுற்ற மீன் காய்ந்த தீவனத்தைத் தொடாது. அதற்காகவே ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலின் முட்டைகளை உப்புநீரில் பொரிக்கவைக்கிறார்கள். தூத்துக்குடி உப்பளங்களில்கூட இந்தச் சின்னஞ்சிறு உயிர்கள் உண்டு. அவை கண்முன் துடித்து நீந்தும்போது, பசியை மறந்த மீனும் சில சமயம் வாயைத் திறக்கும். ஒன்றிரண்டு உள்ளே போனால் அன்றைக்கு அதுவே போதும். ஒரே வேளையில் அள்ளிப் போடாமல், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை சிட்டிகை சிட்டிகையாகப் போடுவார்கள். தின்னாமல் கிடப்பதைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். விட்டுவைத்தால் அது அழுகி, அம்மோனியா ஏறி, மீனுக்கு நஞ்சாகிவிடும்.

ஆகவே அன்பானவர்களே, அன்புக்கும் அளவு வேண்டும். நோயாளியின் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறோம். தட்டு நிறையச் சோற்றை வைத்துவிட்டு, “இதைக்கூடச் சாப்பிடாவிட்டால் எப்படி?” என்று அதட்டுகிறோம். அவர் பசிக்காக ஊட்டுகிறோமா, நம் மன நிம்மதிக்காக ஊட்டுகிறோமா? இயேசுவைப் பாருங்கள். யாயிரின் 12 வயது மகளைச் சாவிலிருந்து எழுப்பியதும் அவர் நீண்ட பேச்சு எதுவும் பேசவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள் என்றார். அவ்வளவுதான். எல்லாரும் அந்த அற்புதத்தைக் கண்டு திகைத்து நிற்க, பிள்ளையின் பசியை நினைத்தவர் ஆண்டவர் ஒருவரே.

இன்னும் ஒன்று உண்டு. வெண்புள்ளி நோய் வந்த மீனுக்குச் செம்பு கலந்த மருந்து கொடுப்பது வழக்கம். ஆனால் அந்த மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்ற முடியாது. மீனைக் குணமாக்கும் செம்பு, பவளத்தையும் கடல் சாமந்தியையும் இறாலையும் கொன்றுவிடும். அதனால் மீனை வேறொரு சிறிய தொட்டிக்கு மாற்றுகிறார்கள். அங்கே மணலும் பவளமும் இருக்காது. ஒதுங்கிக்கொள்ள ஒரு துண்டு பி.வி.சி. குழாய் மட்டும் கிடக்கும். புதுத் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா இன்னும் வளர்ந்திருக்காது. அதனால் தண்ணீரை அடிக்கடி சோதித்து மாற்ற வேண்டும். பிரித்து வைத்த மீனுக்குத்தான் வளர்ப்பவரின் நேரம் அதிகம் செலவாகிறது.

தனியறை பாவமல்ல, சகோதரர்களே. தொற்று நோய்க்கும், ஓய்வு தேவைப்படும் உடம்புக்கும் அது அவசியம். ஆனால் பின்கட்டு அறையில் ஒருவரைப் படுக்கவைத்த பிறகு, நம் காலடி அங்கே அதிகமாகிறதா, குறைகிறதா? முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்லும்போது, என் கையைப் பிடித்துக்கொண்டு விடாத முதியவர்கள் நம் பங்கில் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் மருந்து கேட்கவில்லை. இன்னும் சற்று நேரம் உட்காரச் சொல்கிறார்கள்.

இதைக் கேட்டு யாருக்காவது மனம் கனத்தால், கலங்காதீர்கள். ஆண்டவர் உங்கள் களைப்பை அறிவார். இரவெல்லாம் கண்விழித்துத் தாயைப் பார்த்துக்கொள்ளும் மகளே, படுத்துவிட்ட கணவரைத் தூக்கி உட்காரவைக்கும் மனைவியே, நீங்கள் ஒருநாள் எரிந்து பேசியிருந்தால் அதற்கும் ஆண்டவரிடம் மன்னிப்பு உண்டு. ஒப்புரவு அருட்சாதனத்தில் அதை இறக்கிவைத்துவிட்டு, நாளை மறுபடியும் தொடங்குங்கள். நாள்தோறும் நமக்காக மறுபடியும் தொடங்குகிறவர் அல்லவா அவர்!

எவ்வளவு பார்த்தாலும் சில மீன்கள் பிழைப்பதில்லை. நம் அன்புக்குரியவர்கள் எல்லாரும் எழுந்து நடப்பதும் இல்லை. அதற்காக உங்கள் பணிவிடை வீணாகிவிடாது. நோயுற்றோருக்குச் செய்தது தமக்கே செய்தது என்று சொன்னவர் நம் ஆண்டவர். நீங்கள் ஊட்டிய ஒவ்வொரு கரண்டிக் கஞ்சியும் அவர் கணக்கில் இருக்கிறது.

இந்த வாரம் உங்கள் அன்பியத்தில் படுத்திருக்கும் ஒருவரைத் தேடிப் போங்கள். புத்திமதியை வாசலில் விட்டுவிட்டு, கொஞ்சம் கஞ்சி கொண்டுபோங்கள். அவசரப்படாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் கோபப்படாமல் திரும்பி வாருங்கள். அடுத்த நாள் மறுபடியும் போங்கள்.