அருமையும் இரும்பும்

அருமை என்னும் சொல் தமிழில் இருமுகம் கொண்டது. எளிதில் கிடைக்காததையும் அது குறிக்கும். மதிப்பில் உயர்ந்ததையும் குறிக்கும். பத்துப் பிள்ளை பெற்ற தாயும் ஒவ்வொன்றையும் அருமைப் பிள்ளை என்றே அழைக்கிறாள். அங்கே எண்ணிக்கைக்கு இடமில்லை. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்னும் பழமொழியோ, இல்லாதபோதுதான் மதிப்பு விளங்குகிறது என்கிறது. அரிதாகிவிட்டதனால் ஒரு பொருள் அருமையுடையதாகிறதா? அல்லது, முன்பே அதனிடம் இருந்த அருமையை நாம் காலங்கடந்து காண்கிறோமா? இவ்வினாவிற்கு விடை தேட ஏடுகளைப் புரட்டுவதைக் காட்டிலும், தில்லியில் வாழும் நாம் சாணக்கியபுரியில் 1977-இல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கோ, சற்றுத் தொலைவிலுள்ள ரேவாரியின் நீராவி எஞ்சின் கொட்டகைக்கோ ஒருமுறை சென்று வரலாம். அருங்காட்சியகம் என்னும் பெயரிலேயே அச்சொல் வந்து நிற்கிறது அன்றோ!

ரேவாரிக் கொட்டகையில் டபிள்யூ.பி. வகை எஞ்சின்கள் உள்ளன. துப்பாக்கிக் குண்டுபோல் குவிந்த முகமும், அதன்மேல் தீட்டிய விண்மீனும் கொண்டவை அவை. 1947 முதல் இருபது ஆண்டுகளுக்குள் இவ்வகையில் 755 எஞ்சின்கள் இந்திய அகலப்பாதைகளுக்கு வந்து சேர்ந்தன. பிழைப்புத் தேடி ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வடக்கே வந்த நம் முன்னோர், நீராவி எஞ்சின்கள் இழுத்த வண்டிகளில் வந்தவர்களே. அவர்களுள் எவரும் நடைமேடையின் கோடிவரை நடந்து சென்று எஞ்சினைக் கண்டு வியந்ததாகச் சொல்லக் கேட்டதில்லை. சன்னலோரம் அமர்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும் என்பதும், வெள்ளைச் சட்டை ஊர் சேர்வதற்குள் கறுத்துவிடும் என்பதுமே அவர்கள் நினைவில் நின்றவை. இன்று அதே எஞ்சின் சிறப்பு வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு பாதைக்கு வந்தால், பக்கத்துப் பாதையில் நிற்கும் வண்டியின் சன்னல்களெல்லாம் தலைகளாகிவிடுகின்றன. எஞ்சின் மாறவில்லை, அது ஊதும் ஒலியும் மாறவில்லை. 755 என்னும் எண் மட்டுமே சுருங்கிப் போயிற்று.

எனின், எண்ணிக்கை குறைந்ததே வியப்புக்குக் காரணமா? அவ்வாறு கொள்ள இயலவில்லை. பெரியம்மைக் கிருமி ஒரு காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. இன்று இரண்டே ஆய்வுக்கூடங்களில் அடைபட்டுக் கிடக்கிறது. அதனினும் அரியது உண்டா? ஆயினும் அதைக் காட்ட எவரும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு செல்வதில்லை. அரிதாதல் வேறு, அருமையாதல் வேறு. முன்னது பின்னதற்குக் கண்ணைத் திறந்துவிடலாம், அவ்வளவே.

எஞ்சின் பார்ப்பதையே நோன்பாகக் கொண்டவர்கள் பிரித்தானியாவில் உளர். நடைமேடையின் கோடியில் மழையில் நின்றுகொண்டு, கடந்து செல்லும் எஞ்சின்களின் எண்களைக் குறிப்பேட்டில் பதிந்துகொள்வர். 1942-இல் எஞ்சின் எண்களின் சிறு கையேடு ஒன்றை வெளியிட்டு இவ்வழக்கத்தை நாடெங்கும் பரப்பியவர் இயன் ஆலன். இலண்டன் வாட்டர்லூவில் சதர்ன் ரயில்வே அலுவலகத்தில் பணிபுரிந்த ஓர் இளம் எழுத்தர். எஞ்சின்களைப் பற்றி ஓயாமல் வினவி வந்த கடிதங்களுக்கு விடையெழுதி அலுத்ததன் பயனே அந்நூல். கோப்புகளுக்கிடையே காலங்கழிக்கும் நம்மனோர்க்கு இச்செய்தி சற்றுப் பெருமை தருவதே. இப்பழக்கத்தைக் கேட்டு நம்மவர் நகைக்கக்கூடும். ஆனால், குறிப்பேட்டை வைத்திருந்த அச்சிறுவன், எஞ்சின்கள் ஆயிரக்கணக்கில் ஓடிய நாளிலேயே ஒவ்வொன்றையும் தனித்தனியே கண்டான். அவனுக்கு எதுவும் 'இன்னோர் எஞ்சின்' அன்று. பத்துப் பிள்ளை பெற்ற தாயின் கணக்கு அது.

அத்தகைய அன்புதான் பழைய எஞ்சின்களை அழிவிலிருந்து காத்ததா என்று பார்த்தால், வரலாறு வேறு விதமாக விடை சொல்கிறது. பிரித்தானிய ரயில்வே 1968 ஆகஸ்டில் தன் முதன்மைப் பாதைகளில் நீராவிக்கு விடைகொடுத்தது. வேல்ஸ் நாட்டில் பாரி என்னும் துறைமுக ஊரில் டாய் வுட்டம் என்ற பழைய இரும்பு வணிகர், உடைப்பதற்கென 297 எஞ்சின்களை வாங்கியிருந்தார். சரக்குப் பெட்டிகளை உடைப்பது எளிது. ஆதலால் அவற்றை முதலில் கவனித்துக்கொண்டு, எஞ்சின்களைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவைத்தார். ஆண்டுகள் பல கடந்தன. கடற்காற்றில் துருவேறி நின்ற அவற்றுள் 213 எஞ்சின்களை ஆர்வலர்கள் பணம் திரட்டி ஒவ்வொன்றாக மீட்டனர். வணிகர் செய்தது நற்செயலா? அவர் நினைத்துச் செய்ததன்று. ஆனால் அவர் சுறுசுறுப்பாக இருந்திருந்தால் மீட்பதற்கு ஒன்றும் இருந்திராது.

நம் நாட்டுக் கதையும் இதற்கு நெருங்கியதே. பட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்று ஓடிற்று. பாரத்தின் பெரும்பகுதி ஒரே தண்டவாளத்தின் மேல். சாய்ந்துவிடாமல் தாங்கப் பக்கத்தில் ஒரு பெருஞ்சக்கரம், அது சாலையின் மேல் உருளும். அதன் எஞ்சின்கள் 1909-இல் ஜெர்மனியில் செய்யப்பட்டவை. வண்டி நின்றபின் அவற்றுள் ஒன்று பொதுப்பணித்துறைக் கொட்டகையில் மறந்துபோய்க் கிடந்தது. 1962-இல் மைக் சாட்டோ என்ற ரயில் வரலாற்று ஆர்வலர் அதைக் கண்டெடுத்தார். செப்பனிட்ட அவ்வெஞ்சினை இன்று சாணக்கியபுரியில் காணலாம். இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகள் அதைக் காத்தவர் யார்? எவரும் இல்லை. பயனற்ற பொருள்களை உடனே ஏலம் விடுக என்று குறிப்பெழுதும் ஆர்வமிக்க அதிகாரி ஒருவர் அங்கு வந்து சேராததே அது செய்த தவம் போலும். நம் வீட்டுப் பரணிலும் தாத்தா பெயர் தீட்டிய தகரப் பெட்டி தங்கியிருப்பது போற்றியதனாலா, மறந்ததனாலா என்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

ஆக, அரும்பொருள்களை முதலில் காப்பது மறதி. அன்பு பின்னர்தான் வந்து சேர்கிறது. பழைய எஞ்சினை எதிர்பாராமல் காணும்போது நெஞ்சில் எழுவது 'இது தப்பிப் பிழைத்ததே' என்னும் வியப்பு. ஆனால் பிழைத்தது தன் தகுதியால் பிழைக்கவில்லை. உருக்காலைக்குச் சென்றவை இதனினும் தாழ்ந்தவையுமல்ல. பிழைத்த ஒன்றின் மீது நாம் பொழியும் அன்பில், போய்விட்ட நூற்றுக்கணக்கானவற்றிற்கு அன்றே தந்திருக்க வேண்டிய பங்கும் அடங்கியிருக்கிறது.

வேறொரு நெருடலும் உண்டு. நீராவி எஞ்சினை அழகு என்று சொல்வோர் பெரும்பாலும் அதில் வேலை செய்தவர் அல்லர். மே மாதத்து அனல்காற்று ஒருபுறம், திறந்த உலைவாய் மறுபுறம், இவற்றிடையே ஆடும் தளத்தில் நின்று கரியை வாரி வாரி எறிந்த ஃபயர்மேனுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும்? 1995 டிசம்பரில் பெரோஸ்பூர்–ஜலந்தர்ப் பாதையோடு அகலப்பாதையின் அன்றாட நீராவி வண்டிகள் முடிவுற்றன. அதற்காக வருந்தாமலிருக்க அத்தொழிலாளர்க்கு முழு உரிமை உண்டு. நம் வருத்தம் கரி வாராதவரின் வருத்தம். ஆயினும், 1970-இல் சித்தரஞ்சன் தொழிற்சாலை தான் செய்த கடைசி அகலப்பாதை நீராவி எஞ்சினுக்கு 'அந்திம் சிதாரா', அதாவது இறுதி விண்மீன், என்று பெயரிட்டு அனுப்பியது. இரும்பை வார்த்து முடுக்கியவர்களிடையேயும் பிரிவுத்துயர் இருந்தது என்பதற்கு அப்பெயரே சான்று. வேலையின் கடுமையை வெறுப்பவன் கருவியை நேசிப்பதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

ஃபேரி குவீன் என்னும் எஞ்சினின் வரலாறு இவ்வினாக்களையெல்லாம் ஒருங்கே எழுப்புவது. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்து, கிழக்கிந்திய ரயில்வேக்காக வங்காளம் வந்தது. ஹௌராவிலிருந்து ராணிகஞ்ச் வரை வண்டி இழுத்தது. 1857 எழுச்சியின்போது ஆங்கிலேயர் படைகளைச் சுமந்தது. 1909-இல் ஓய்வு பெற்றது. இரும்புக்கு ஏது பாவம் என்று கேட்கலாம். பாவம் இல்லையெனின் புகழும் இல்லை. குழந்தைகளுக்கு இதன் வயதைச் சொல்லும் நாம், இது யாரைச் சுமந்தது என்பதையும் சொல்வதே முறை.

நெடுநாள் உறக்கத்திற்குப் பின் சென்னைப் பெரம்பூர்ப் பணிமனையில் செப்பம் பெற்று, 1997-இல் தில்லியிலிருந்து ஆல்வாருக்கு மீண்டும் ஓடிற்று. 2011-இல் அதன் உறுப்புகள் பல களவுபோயின. களவாடியவன் கண்ணுக்கு அது செம்பும் பித்தளையும். காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும் விலையே அதன் மதிப்பு. மீண்டும் பெரம்பூர்த் தொழிலாளர் கைவண்ணத்தில் உறுப்புகள் புதிதாக அமைந்தன. 2017-இல் ரேவாரிப் பாதையில் அது ஓடக் கண்டோம். இது லீட்ஸின் எஞ்சினா, பெரம்பூரின் எஞ்சினா? பலகைகளெல்லாம் மாற்றப்பட்ட கப்பலை வைத்து மேலைநாட்டுத் தத்துவர் இவ்வினாவைக் கேட்டனர். நமக்குக் கப்பல் வேண்டாம். திருவாரூர் ஆழித்தேர் போதும். 1926-இல் அது தீக்கிரையாயிற்று. புதிதாகச் செய்த தேருக்குப் பின்னாளில் திருச்சி மிகுமின் நிறுவனம் இரும்புச் சக்கரமும் தடையமைப்பும் பொருத்தியது. ஊரார் அதையும் ஆழித்தேர் என்றே அழைக்கின்றனர்; எவரும் ஐயுறவில்லை. வடம் பிடிக்கும் கைகளின் தொடர்ச்சியில் தேர் இருக்கிறது, மரத்தில் அன்று. புதிய உறுப்புச் சேராமல் துருவோடு நிற்பதே எஞ்சினுக்கு உண்மை என்பாரும் உளர். அவர் கருத்தில் நேர்மை இருக்கிறது. எனினும், உலையில் தீயும் அதைக் காக்க ஆளும் இருக்கும் எஞ்சினையே நம் மனம் எஞ்சின் என்று ஏற்கிறது.

நீராவியை விரட்டிய டீசல் எஞ்சின்களை, நீராவி அன்பர்கள் வெறும் பெட்டி என்று ஒருகாலத்தில் இகழ்ந்தனர். வாராணசியில் 1964 முதல் கட்டப்பட்ட டபிள்யூ.டி.எம்.-2 வகை ஆயிரக்கணக்கில் பெருகி நாடெங்கும் ஓடிற்று. இன்று அகலப்பாதைகள் ஏறத்தாழ முழுவதும் மின்மயமாகிவிட்டன. அப்பெட்டிகளும் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. அவை கக்கும் கரும்புகையைப் படமெடுக்க இப்போது இளைஞர் சிலர் நடைமேடையின் கோடியில் காத்து நிற்கின்றனர். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நாமோ பெட்டி எண்ணையும் படுக்கை எண்ணையும் மும்முறை சரிபார்த்து ஏறுகிறோம். முன்னே நிற்கும் மின் எஞ்சினின் நெற்றியிலும் ஓர் எண் எழுதியிருக்கிறது.