குத்துச்சண்டை இரசிகனும் கட்டணக் கணக்கும்

விளையாட்டொன்றைச் சுவைப்பவன் அதன் வணிகக் கணக்கையும் அறிய வேண்டுமா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்கு அற்பமானதாகவே தோன்றும். நாடகம் பார்க்கச் செல்பவன் எத்தனை நுழைவுச் சீட்டுக்கள் விற்கப்பட்டன என்று கேட்பதில்லை. கேட்டாலும் அவ்விடை நாடகத்தின் சுவையைக் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவின் தொழின்முறைக் குத்துச்சண்டையைப் பொறுத்தவரை இவ்வினா அத்துணை எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆங்கு பெரும்போட்டிகள் பலவும் 'பே பெர் வியூ' எனப்படும் தனிக்கட்டண ஒளிபரப்பிலேயே காட்டப்பட்டு வந்துள்ளன. மாதச் சந்தாவுக்கு மேலாக, குறித்த ஓர் இரவின் போட்டிகளைப் பார்ப்பதற்கென்றே வீட்டிலிருந்து செலுத்தும் பணம் அது. எத்தனை வீடுகள் பணம் செலுத்தின என்ற தொகை போட்டி முடிந்த சில நாட்களில் வெளிவரும். அதன்பின் இரசிகரிடையே நிகழும் வாதங்களில், எவன் எவனை வென்றான் என்பதினும் எவன் எவனைவிட அதிகம் விற்றான் என்பதே ஓங்கி ஒலிப்பதுண்டு.

இத்தொகையைப் பெருமைக்குரிய ஒன்றாகக் கொள்வோரின் நிலை முதலில் ஆராயத்தக்கது. 2015 மே 2ஆம் நாள் லாஸ் வேகாசில் புளொயிட் மேவெதரும் மன்னி பக்கியாவோவும் மோதிய போட்டியை ஏறத்தாழ 46 இலட்சம் வீடுகள் விலைகொடுத்து வாங்கின. சாதாரண ஒளிபரப்புக்கு 89.95 டொலரும் உயர்தெளிவு ஒளிபரப்புக்கு 99.95 டொலரும் அறவிடப்பட்டன. அமெரிக்காவில் இவ்வகையிற் கிடைத்த வருவாய் மட்டும் 40 கோடி டொலரைத் தாண்டியது. குத்துச்சண்டை வரலாற்றில் இதனை விஞ்சிய தனிக்கட்டண விற்பனை இல்லை. ஆனால் போட்டியோ பெரும்பாலான இரசிகர்க்கு ஏமாற்றமாயிற்று. மேவெதர் தமக்கே உரிய தற்காப்பு நுட்பத்தாற் புள்ளிகள் பெற்று வென்றார், அவ்வளவே. அடுத்த பெருந்தொகை 2017இல் அதே மேவெதர், அதற்கு முன்னர் ஒரு தொழின்முறைக் குத்துச்சண்டையிலேனும் இறங்கியிராத கொனர் மக்கிரகரை எதிர்கொண்டபோது கிடைத்தது. ஏறத்தாழ 43 இலட்சம் வீடுகள்! விற்பனையே தகுதியின் உரைகல் என்போர், முதன்முறை கையுறை அணிந்து அம்மேடை ஏறிய ஒருவரின் போட்டி இத்துறையின் மிகச் சிறந்த இரண்டாவது போட்டி என ஒப்புக்கொள்ள நேரும்.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 2005 மே 7ஆம் நாள் டியேகோ கொராலெசும் ஹோசே லூயிஸ் கஸ்தீயோவும் மோதிய போட்டி தனிக்கட்டண ஒளிபரப்பில் வரவில்லை. சந்தா அலைவரிசை ஒன்றில் வழமையான நிகழ்ச்சியாகவே வந்தது. பத்தாம் சுற்றில் இருமுறை வீழ்த்தப்பட்ட கொராலெஸ், எழுந்து நின்று அதே சுற்றிலேயே கஸ்தீயோவை வென்றார். குத்துச்சண்டை அறிந்தோர் மிகச் சிறந்த போட்டிகளை எண்ணும்போதெல்லாம் இதனை விடாது எண்ணுவர்.

இம்முரண்பாட்டுக்குக் காரணம் மறைவானதன்று. தனிக்கட்டணம் முதற்குத்து விழுமுன்னரே செலுத்தப்படுவது. எனவே அத்தொகை போட்டியை அளப்பதில்லை. போட்டி பற்றிய எதிர்பார்ப்பையும், அவ்வெதிர்பார்ப்பை வளர்த்த விளம்பரத்தையுமே அளக்கின்றது. விதைக்கு முன் விற்ற நெல்லின் விலையைக் கொண்டு விளைச்சலின் தரத்தைக் கூறமுடியுமா?

இவ்வளவில், "அப்படியாயின் கணக்கை ஏற்பாட்டாளரிடம் விட்டுவிடுவோம், இரசிகனுக்கு உரியது கயிற்று வளையத்தினுள் நிகழ்வது மட்டுமே" என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். கலைநோக்குடையோர் பலரின் முடிவும் இதுவே. ஆனால் இது பெருமை பேசுவோரின் தவறினும் நுண்ணிய ஒரு தவறாகும். தரத்தை அளவாத ஒரு தொகை வேறெதனையும் அளவாது என்று இவர்கள் கொண்டுவிடுகின்றனர்.

குத்துச்சண்டை வீரனின் தொழில்நிலை ஏனைய பெருவிளையாட்டு வீரர்களின் நிலையினின்றும் வேறானது. அமெரிக்கக் கூடைப்பந்தாட்டக்காரனுக்குக் கழகம் உண்டு, ஆண்டு ஊதியம் உண்டு, வருவாயிற் பங்கு கேட்டுப் பேரம் பேசத் தொழிற்சங்கமும் உண்டு. குத்துச்சண்டை வீரனுக்கு இவை எவையும் இல்லை. அவன் போட்டிக்குப் போட்டி ஒப்பந்தம் செய்பவன். புகழ்பெற்ற ஒருவனாயின் தனிக்கட்டண வருவாயில் ஒரு பங்கைக் கேட்டுப் பெறுவான். அதே இரவில், அதே மேடையில், முன்னிலைப் போட்டிகளில் அடிபடும் இளைஞனுக்கோ பேசிய தொகை மட்டுமே. 46 இலட்சம் வீடுகள் வாங்கினாலென்ன, ஒரு இலட்சம் வாங்கினாலென்ன, அது பெரும்பாலும் மாறாது. அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றி 2000ஆம் ஆண்டிற் சட்டமான முகம்மது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம், ஒரு போட்டியிலிருந்து தாம் பெற ஒப்பந்தம் செய்துள்ள தொகைகளை ஏற்பாட்டாளர் தம் வீரனுக்கு வெளிப்படுத்த வேண்டும் என்று விதித்தது. கணக்கை அறிவது வீரனுக்கு ஓர் உரிமை எனச் சட்டமே ஏற்றுக்கொண்டுள்ளது. அவ்வாறிருக்க, அவ்வீரனை நேசிப்பதாகக் கூறும் இரசிகன், அக்கணக்கு தனக்கு ஒரு பொருட்டன்று என்பானாயின், அவன் நேசிப்பது வீரனையா, வீரன் தரும் இரவுப் பொழுதையா?

சட்டத்திற்குப் பெயர் தந்தவரின் வரலாறு இதனை மேலும் கூர்மையாக்குகின்றது. 1980 ஒக்டோபர் 2ஆம் நாள், 38 வயதான முகம்மது அலி, ஈராண்டு ஓய்வின் பின் லாஸ் வேகாசில் லரி ஹோம்சை எதிர்கொண்டார். அவருடைய பேச்சுத் தடுமாற்றத்தையும் உடல்நிலையையும் பற்றிய கவலை அதற்கு முன்பே எழுந்திருந்தது. எனினும் அனுமதி வழங்கப்பட்டது. பத்துச் சுற்றுக்கள் அவர் ஏறக்குறையத் திருப்பி அடிக்கவே இல்லை. பத்தாஞ் சுற்றின் முடிவிற் பயிற்றுநர் அஞ்செலோ டண்டி போட்டியை நிறுத்தினார். ஒருகாலத்தில் அலியின் பயிற்சித் துணைவராயிருந்த ஹோம்ஸ், வென்றபின் கண்ணீர் விட்டார். 1984இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது அறியப்பட்டது. அந்த ஓரிரவே நோயைத் தந்தது என்று கூறுவதற்கில்லை. ஆனால் அந்த இரவு ஏன் நிகழ்ந்தது என்பதற்கு விடை உண்டு: மக்கள் அதற்குப் பணம் தருவர் என்பது திண்ணமாயிருந்தது. அதனாலன்றோ அலிக்கு 80 இலட்சம் டொலர் பேச முடிந்தது. பணம் தந்தோர் அவரை வெறுத்தவரல்லர். மூடுசுற்றுத் தொலைக்காட்சி அரங்குகளில் திரண்டோர் பலர் அவரிடத்துப் பேரன்பு பூண்டவர்கள். அவ்வன்பே விலையாயிற்று.

அவர்களுள் ஒவ்வொருவரும், "நான் ஒருவன் வாங்காதிருந்தால் போட்டி நின்றுவிடுமா?" என்று கேட்டிருக்கலாம். நின்றிருக்காது என்பது உண்மையே. பலர் சேர்ந்து செய்யும் ஒரு செயலில், தனியொருவனின் பங்கு கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிதாகிவிடுகின்றது. அறவியலில் நெடுங்காலமாகத் தீராத சிக்கல்களுள் இஃதொன்று. ஆனால் பங்கு சிறிது என்பதால் இல்லையென்றாகாது. 46 இலட்சம் என்பது 46 இலட்சம் தனித்தனி முடிவுகளின் கூட்டு. இரசிகன் தன்னைத் தானே காணக்கூடிய ஓரிடம் அந்தத் தொகைதான். 

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். 1962இல் எமில் கிரிபித்தின் குத்துக்களால் நினைவிழந்த பென்னி பரெற், பத்து நாட்களின் பின் இறந்தார்; 1982இல் ரே மன்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டக்-கூ சில நாட்களில் இறந்தார். இரு போட்டிகளும் அமெரிக்க இல்லங்களுக்குக் கட்டணமின்றியே ஒளிபரப்பாயின. பணம் கொடாத இரசிகனும் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆகவே பொறுப்பு பணத்தோடு பிறப்பதில்லை. விளம்பரதாரர் அன்று விலைகொடுத்ததும் பார்வையாளரின் கண்களுக்கே. இத்தடை வலுவுடையது; ஆயினும் இது இரசிகனை விடுவிக்கவில்லை. பொறுப்பு எக்காலத்தும் இருந்தது. தனிக்கட்டணம் அதனை எண்ணத்தக்கதாக்கியது, அவ்வளவே. 2024 நவம்பர் 15ஆம் நாள் 58 வயதான மைக் டைசன், 27 வயதான ஜேக் போலை எதிர்கொண்டபோது, அப்போட்டி நெட்பிளிக்ஸ் சந்தாதாரருக்கு மேலதிகக் கட்டணமின்றியே காட்டப்பட்டது. ஆங்கு எண்ணப்பட்டவை கண்கள். வயதேறிய உடலை மேடைக்கு அழைத்து வந்த விசை மட்டும் 1980இல் இருந்ததே.

இரசிகன் தன்னை வெறும் நுகர்வோனாகக் கருதிக்கொண்டால் நேர்வது யாது என்பதற்கு 2015ஆம் ஆண்டுப் போட்டியின் பிற்கதை சான்று. பக்கியாவோ வலது தோளிற் காயத்துடனேயே மேடையேறினார் என்பது போட்டி முடிந்த பின்னரே வெளிவந்தது; சில நாட்களில் அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. பணம் கொடுத்த இரசிகர் பலர் தாம் ஏமாற்றப்பட்டதாக வழக்குத் தொடுத்தனர். 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களது கோரிக்கையை நிராகரித்தது: அவர்கள் ஒரு போட்டியைப் பார்க்கும் உரிமையை வாங்கினர், போட்டியும் நடந்தது, ஏமாற்றம் சட்டத்தின் கண் இழப்பாகாது. வாங்குவோன் என்ற அளவில் அவர்களுக்கு அதற்குமேற் கேட்க எதுவும் இருக்கவில்லை. அவ்வழக்கில் அந்தத் தோள் இடம்பெற்றது, விற்ற பண்டத்தில் மறைக்கப்பட்ட ஒரு குறைபாடாக.