இந்தியாவாகப் பேசிய பிள்ளை

மாதிரி ஐக்கிய நாடுகள் சபையில் ‘நான்’ என்று யாரும் பேசக்கூடாது. ‘எனது நாடு கருதுகிறது’ என்றுதான் தொடங்க வேண்டும். கொழும்பில் இதைக் கோட்டும் ரையுமாக, ஆங்கிலத்தில், பெரிய மாநாடாகவே நடத்துகிறார்கள். வாகரையில் நாங்கள் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஒரு வகுப்பறையில் தமிழில் நடத்துகிறோம். தமிழ்த்தினப் போட்டியில் விவாதம் பழகிய பிள்ளைகள், குரலுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே வெட்டிப் பேசினால் கைதட்டல். இங்கே எதிர்த்தரப்பும் கைதூக்கினால்தான் தீர்மானம். அதுதான் இவர்களுக்குப் பிடிபடாமல் இருந்தது.

ஒருமுறை பாக்கு நீரிணை றோலர் பிரச்சினையை எடுத்தோம். சீட்டுக் குலுக்கியதில் இந்தியா ஒரு மீனவர் மகளுக்கு விழுந்தது.

“சேர், இத மாத்தித் தாங்க. அப்பாக்குத் தெரிஞ்சா ஏசுவார்.”

மாற்றிக் கொடுக்கவில்லை. அடுத்த கிழமை கணக்குக் கொப்பியின் பின்பக்கமெல்லாம் எழுதிக்கொண்டு வந்தாள். 1952இல் இந்தியாவும் நோர்வேயும் ஐ.நா.வும் செய்த உடன்படிக்கையில் கேரளக் கரையில் தொடங்கிய இயந்திரப் படகுத் திட்டம், றோலர் தமிழ்நாட்டுக்குப் பரவியது, இறால் ஏற்றுமதிக் காசு. யுத்த காலத்தில் நம் வடக்கு மீனவர் கடலுக்கு இறங்க முடியாமல் இருந்தபோது அந்தப் படகுகள் இக்கரைவரை வந்து பழகியதும் அதில் இருந்தது. பிறகு எழும்பிச் சொன்னாள்: “படகு முதலாளிட. ஏறி வாறவன் பங்குக்கு வாறவன். பிடிபட்டா மறியலுக்குப் போறதும் அவன்தான்.”

இலங்கையாக இருந்த பையன் அறுந்த வலைகளையும் 2017இல் வந்த இழுவைமடித் தடைச் சட்டத்தையும் காட்டி மடக்கினான். என் மனமும் அவன் பக்கம்தான். கடலடியை வழித்துப் போகும் மடிக்கு நியாயம் கிடையாது. ஆனாலும் மறியலில் இருக்கிற அந்தப் பங்குக்காரனை எங்கள் வகுப்பறைக்குள் கூட்டிவந்தவள் அவள்தான்.

நம்பாத பக்கத்தைப் பேசப் பழக்குவது பொய் சொல்லப் பழக்குவதுதானே என்று ஒரு தகப்பன் கேட்டார். எனக்கு அந்தப் பயம் இல்லை. என் பயம் வேறு. கெட்டிக்காரப் பையன் ஒருவன், அகதிகள் பற்றிய அமர்வில், ‘பாதிக்கப்பட்ட தரப்பினர் குறித்து எனது நாடு ஆழ்ந்த கவலை கொள்கிறது’ என்று பிசகில்லாமல் சொன்னான். அவனுடைய அம்மம்மா இங்கே நடந்த யுத்தத்தில் பிள்ளைகளோடு காட்டு வழியே நடந்து தப்பியவர். 2006 நவம்பரில் எங்கள் பக்கத்துக் கதிரவெளிப் பாடசாலையில், இடம்பெயர்ந்து வந்து தங்கியிருந்த சனத்தின் மேல் செல் விழுந்தது. அதற்கும் உலகம் இப்படித்தான் கவலை தெரிவித்தது. அந்த மொழி அவன் வாயில் இவ்வளவு சுலபமாக வந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்களைப் பற்றி எல்லாரும் பேசினார்கள், எங்களை யாரும் கேட்கவில்லை என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். 2002 பெப்ரவரியில் அதே நோர்வேயின் அனுசரணையில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது வாகரை ஒரு தரப்பின் கட்டுப்பாட்டுப் பகுதி, அவ்வளவே. ஆனால் தெற்கே ஓட்டமாவடியில் கேட்டால் இன்னொரு கதை வரும்: கிழக்கு முஸ்லிம்களுக்கு அந்தப் பேச்சுவார்த்தையில் தனித் தரப்பாக இடமே இருக்கவில்லை. அந்தக் குறையை நாங்கள் எங்கள் வீடுகளில் பேசுவதில்லை. எங்களுக்கு நாற்காலி கிடைக்காத கதையைச் சொல்லும்போது, எங்கள் பக்கத்து ஊருக்கும் கிடைக்கவில்லை என்பது எப்படியோ விடுபட்டுப் போகிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளும் எங்களோடு இருந்தால் சனிக்கிழமை இன்னும் நன்றாக இருக்கும். பஸ்தான் பிரச்சினை என்று சொல்லிக்கொள்கிறோம்.

அடுத்த தலைப்பு இந்தக் கரையோர இல்மனைட் அகழ்வு. வெளிநாடு, தூரதேசம் என்று எதுவும் இல்லை, எங்கள் மணல். மீனவர் பக்கத்துக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் போட்டி. சுற்றாடல் அதிகாரிக்குக்கூட ஆள் கிடைத்துவிட்டது. கம்பனிக்காகப் பேச ஒருவரும் இல்லை, இந்தியாவாகப் பேசிய பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டாள். நான் எடுக்கலாம் என்று இருக்கிறேன்.